துடைக்காத இடம்

எங்கள் ஹாங்கரில் ஒஸ்வால்ட் அங்கிளுக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டு. ஒன்று, கூரை இடுக்கில் குடியிருக்கும் காகம். மற்றது நான். எனக்கொன்றும் பெரிய வீரம் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாய் பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் பேசாமல் இருந்துவிட்டது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

இரத்மலானை விமான நிலையத்தின் ஓரத்தில், விமானம் ஓட்டப் பழக்கும் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை ஒன்று, அதுதான் ஹாங்கர், அதற்குள் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய மூன்று சின்ன விமானங்கள். இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். எந்த விமானம் எத்தனை மணித்தியாலம் பறந்தது, எதைக் கழற்றி எதைப் பூட்டினார்கள், எவ்வளவு ஒயில் ஊற்றினார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது நான். ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒஸ்வால்ட் அங்கிளின் கையெழுத்து விழாமல் ஒன்றும் தரையை விட்டுக் கிளம்ப முடியாது. அவர்தான் எங்கள் எஞ்சினியர்.

ஐம்பத்தேழு வயது. கொச்சிக்கடையில் பிறந்து, கொச்சிக்கடையிலேயே கல்யாணம் கட்டி, இன்றைக்கும் அந்தோனியார் கோயில் மணி கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறார். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகனான இவர் கொட்டாஞ்சேனையில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டத் தொடங்கி, இருபத்திரண்டு வயதில் விமானம் கழுவ எங்கள் ஹாங்கருக்கு வந்தவர். கழுவிக்கொண்டே படித்தார். லைசன்ஸ் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டு, மூன்றாம் தரம் பாஸ் பண்ணினார். அந்த லைசன்ஸின் முதல் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துச் சட்டம் போட்டு, வீட்டில் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். படத்துக்கும் லைசன்ஸுக்கும் சேர்த்து ஒரே சின்ன மின்குமிழ்.

காலையில் அவர் கோட்டையில் ரயில் ஏறுவார். நான் பாமன்கடையிலிருந்து நடந்து வந்து வெள்ளவத்தையில் ஏறுவேன். மூன்றாம் பெட்டியில் குடையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். ஒரு நாள் நான் ரயிலைத் தவறவிட்டால், அடுத்த மூன்று நாளைக்கு அந்தக் குடை பட்ட அவமானத்தைப் பற்றியே பேச்சு. பொல்லாத மனிதர்.

வேலை என்று வந்துவிட்டால் இன்னும் பொல்லாதவர். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஸ்பானர், குறடு என்று வேலை செய்த ஆயுதங்களைச் சத்தம் போட்டு எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் விமானம் போகாது. ஒரு தரம் விரல் நுனியளவு சொக்கட் ஒன்று காணாமல் போய், நாலு மணித்தியாலம் முழுப் பள்ளிக்கூடமும் நின்றது. "அந்தோனியாரே, கண்ணில காட்டும்" என்று முணுமுணுத்தபடி நிலத்தில் படுத்துத் தேடினார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்று கொச்சிக்கடையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் அது கப்டன் பலீலின் மேசையில், கடதாசி பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருந்தது. கப்டன்தான் பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரர். மாணவர்களுக்கு முன்னால் வைத்து அங்கிள் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். கப்டனும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருடைய ஹாங்கரில், ஒருவரும் துடைக்கக் கூடாத இடம் ஒன்று இருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கோயிலில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறு காலை, அவருடைய மனைவி பிறிஜெற் அன்ரி பூசைக்கு வெளிக்கிட்டவர். அடுப்பில் வைத்த பாற்சோறு அடிப்பிடித்துவிட்டது. சட்டியைச் சுரண்டி வைத்துவிட்டுப் போவதற்குள் பத்து நிமிஷம் பிந்திவிட்டார். அந்தப் பத்து நிமிஷத்தில் கோயிலுக்குள் நடந்தது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. கோயில் திரும்பத் திறந்த பிறகு, அன்ரி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய் மந்திரித்த தேங்காயெண்ணெய் கொஞ்சம் சின்னப் போத்தலில் வாங்கி வருவார். எஞ்சினில் பெரிய வேலை எதையாவது முடித்தால், அங்கிள் அதில் ஒரு துளியைத் தொட்டுப் பெருவிரலால் சின்னச் சிலுவை போடுவார். எப்போதும் ஒரே இடம்: எஞ்சினின் மேல் பக்கம், முன் இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில்.

"அதில மட்டும் துணி படக்கூடாது" என்பார்.

எங்கள் ஆட்களில் புத்தர் பக்கம் இருக்கிறவர்களும் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் உண்டு, பம்பலப்பிட்டிக் கதிரேசனுக்குத் தேங்காய் உடைக்கும் நானும் உண்டு. ஒருவர்கூட அந்த எண்ணெயைப் பகிடி பண்ணியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாருக்கு மனம் வரும்? எஞ்சினை முழுக்கக் கழுவித் துடைப்பார்கள். அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அந்தப் பகுதிக்குப் பெயர் கிராங்க்கேஸ். எஞ்சினின் நெஞ்சுக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் வார்த்த இரண்டு பாதிகளைச் சேர்த்து முறுக்கிய பெட்டி. காற்றாடியைச் சுழற்றும் தண்டும் ஒயிலும் உள்ளே. சிலிண்டர்கள் எல்லாம் அதன்மேல்தான் பூட்டப்பட்டிருக்கும். அதில் வெடிப்பு விழுந்தால் ஒயில் வெளியே வரும், ஒயில் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும். மோட்டார் சைக்கிள் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு யாருக்காவது போன் எடுக்கலாம்.

போன வருஷம் மே மாதம், எங்கள் மூன்று விமானங்களில் 'மைக்' என்று நாங்கள் கூப்பிடுகிறதற்கு ஒரு சிலிண்டர் மாற்றினார்கள். வேலை முடிந்ததும் அங்கிள் வழக்கம்போல எண்ணெய்ச் சிலுவை போட்டார். ஜூன் நடுவில், எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"நிஷா, இங்க ஒருக்கா வா. பார்."

எட்டிப் பார்த்தேன். சிலுவை போட்ட இடம் பளபளவென்று ஈரமாக இருந்தது.

"நாப்பது மணித்தியாலம் பறந்திருக்கு. கையை வைக்கேலாத சூடு. ஒரு மணித்தியாலத்தில காய்ஞ்சு கருகிப்போக வேணும். காயேல்ல பிள்ளை. இன்னும் காயேல்ல."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் கண் கலங்கி நான் கண்டது அன்றைக்குத்தான். வேறு எந்த மூலையிலாவது ஒரு பொட்டு ஒயிலைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை சாப்பிடாமல் நிற்கிறவர் அவர். அன்று அவர் ஒன்றையும் தேடவில்லை. அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

நானும் நம்பினேன். சும்மா இல்லை, ஆதாரத்தோடு நம்பினேன். கார் லைசன்ஸ் சோதனையில் நான் இரண்டு தரம் பெயில். பின்னுக்கு எடுத்து நிறுத்தச் சொன்னால் எனக்கு வலது இடது எல்லாம் மறந்துவிடும். ஜூலையில் மூன்றாம் தரம் போன அன்று காலை, ஹாங்கரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த ஈரத்தில் விரலைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு போனேன். பாஸ். சோதிக்க வந்தவர், "ஹொந்தாய் மிஸ்" என்று வாயாரப் பாராட்டினார்.

ஆனால் பூசும்போது விரல் மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. தேங்காயெண்ணெய் மணமில்லை. பதிவேட்டுப் பக்கங்களில் ஊறிப்போயிருக்கிற, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த எஞ்சின் ஒயில் மணம். விரலும் கறுப்பாக இருந்தது. எஞ்சினில் தொட்டால் பிறகு என்ன சந்தனமா மணக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு மைக் குடிக்கிற ஒயிலும் கூடிக்கொண்டு வந்தது. ஊற்றிய ஒவ்வொரு தரமும் என் கையால் எழுதியவள் நான். அங்கிளிடம் சொன்னபோது, "வயசு போன எஞ்சின், கொஞ்சம் குடிக்கும்தானே" என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு இல்லாமல் இல்லை. மனம்தான் வரவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை, என் லைசன்ஸுக்குக் கிடைத்த அருளைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனகா வந்தாள். ஹெவ்லொக் டவுன் பிள்ளை, இருபது வயது, எங்களிடம் படிக்கிறவள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் முதன்முதலாகத் தனியாகக் கரையோரமாய்க் கொக்கலை வரைக்கும் பறந்து திரும்ப வேண்டும். மைக்கில்தான். மைக்கின் சோதனையை முடித்து அன்று காலையிலேயே அங்கிள் கையெழுத்து வைத்திருந்தார். மூடியைப் பூட்டுவது மட்டும் பாக்கி.

"அக்கா, நீங்க லைசன்ஸ் எடுத்த எண்ணெய், எனக்கும் கொஞ்சம் பூசி விடுவீங்களா? நேத்து முழுக்க நித்திரையே இல்ல."

என்னுடைய நீளமான வாய் அந்தக் கதையை அவளிடமும் சொல்லி வைத்திருந்தது. பாவம் பிள்ளை. கூட்டிக்கொண்டு போய், விரலால் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டேன். மேனகா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். நெற்றியைத் தொட்டு, விரலை மணந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பறக்க முன்னம் ஒயில் அளவுகோலை இழுத்துத் துடைத்துப் பார்க்கிறவள் அவள்.

"அக்கா, இது எஞ்சின் ஒயில்."

என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலுவலகத்துக்கு ஓடிப் பதிவேட்டைத் திறந்தேன். மே மாதம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல். ஜூலை, எட்டுக்கு ஒன்று. இந்தக் கிழமை, ஐந்துக்கு ஒன்று. எல்லாம் என்னுடைய அழகான கையெழுத்து. புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கிள் பின் கதவடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கங்களைக் காட்டினேன். மேனகா சொன்னதைச் சொன்னேன். ஜூலையில் நான் அந்த ஒயிலை மணந்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு மைக்கிடம் போனார். விரலால் தொட்டார், மூக்கில் வைத்தார். அப்படியே நின்றார்.

"பெற்றோல் கொண்டா. வெள்ளைத் துணி கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். துணியைப் பெற்றோலில் நனைத்து அந்த இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோனவர், தொடாமல் நிறுத்தினார். ஐந்து வருஷத்துக்கு மேலாக ஒருவரையும் துடைக்க விடாத இடம். பிறகு ஒரேயடியாக அழுத்தித் துடைத்தார். துணி கறுத்துப் போனது.

"பவுடர் வச்சிருக்கிறியா?"

"என்ன பவுடர் அங்கிள்?"

"மூஞ்சிக்குப் பூசுறது. கெதியா."

என் கைப்பையிலிருந்த டின்னை எடுத்துக் கொடுத்தேன். காயவிட்டு, கழுவிய இடம் முழுவதும் பவுடரைத் தூவினார். விமானத்தை வெளியே தள்ளிப் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளைப் பவுடருக்கு நடுவில், சிலிண்டரின் அடியிலிருந்து கிளம்பி, தலைமயிர் விழுந்து கிடப்பதுபோல ஒரு கறுப்புக் கோடு.

போதாதென்று சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தும் பார்த்தார். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் அந்த வெள்ளையில் கசிந்து வரும். வந்தது. அளந்தார். நாற்பத்தொரு மில்லிமீற்றர். கிராங்க்கேஸில் சில இடங்களில் சின்ன வெடிப்பு வந்தால் அவதானித்துக்கொண்டு ஓடலாம் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். சிலிண்டர் நிற்கும் அடியில் வந்தால் ஒரு மணித்தியாலம்கூட ஓடக் கூடாது.

மேனகா அப்படியே சீமெந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலை கடலுக்கு மேலே தனியாக இருந்திருக்க வேண்டியவள். அவளுடைய நெற்றியில் நான் வைத்த கறுப்புப் பொட்டு இன்னும் இருந்தது. அங்கிள் புதுத் துணி ஒன்றை எடுத்து, அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அந்தப் பொட்டை மெதுவாகத் துடைத்துவிட்டார்.

"என்னை மன்னிச்சுக்கொள் மகள்" என்றார்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். வெட்கமென்ன, வாய்விட்டே அழுதேன்.

கப்டன் பலீல் வந்து வெடிப்பைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அல்லாஹ் காப்பாத்திட்டான். மைக் நிக்கட்டும். ஒஸ்வால்ட், இண்டைக்குக் கண்டீங்க, இண்டைக்குக் கண்டதா எழுதுங்க. அதுல பொய் ஒண்டும் இல்லயே. எண்ணெய்ட கதைய என்னத்துக்கு எழுதுற? உங்கட லைசன்ஸ்ல கை வெப்பாங்க."

அவர் சொன்னது உண்மை. ஒரு வெடிப்பு வருவது எஞ்சினியரின் குற்றமில்லை. கண்டவுடன் நிறுத்தினால் பாராட்டுவார்கள். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கசிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், துடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன் என்று எழுதினால், திருக்குடும்பப் படத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கடதாசிக்கு ஒரு பெறுமதியும் இருக்காது. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் சேர்த்தது அது ஒன்றுதான். நான் கெஞ்சினேன்.

"அங்கிள், ப்ளீஸ். கப்டன் சொல்றமாதிரி எழுதுங்கோ. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இண்டைக்கு வெடிச்சது எண்டு எழுதினா, இது எவ்வளவு காலம் எப்பிடி வளந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரிய வராது. இதே மாதிரி எஞ்சின் இன்னும் எத்தினை இடத்தில ஓடுது. அங்கயும் மேனகா மாதிரிப் பிள்ளையள்தானே இருக்குதுகள்." பேனையின் மூடியைக் கழற்றினார். "அந்தோனியாற்ற பேரைச் சொல்லி ஒருக்கா மறைச்சாச்சு. என்ர கையெழுத்தால இன்னொருக்கா மறைக்க மாட்டன் கப்டன்."

"அப்ப நான் மணந்ததையும் எழுதுங்கோ" என்றேன்.

"நீ எழுதுற ஆள். பாக்கிற ஆள் நான்."

அவர் எழுதியது இது: ஜூன் மாதத்திலிருந்து இந்த இடம் ஈரமாக இருந்ததை நான் கண்டேன். கோயில் எண்ணெய் என்று நினைத்தேன். துடைக்க வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொன்னதும் நானே. இன்று காலை இந்த விமானத்துக்குக் கையெழுத்து வைத்ததும் நானே. இவ்வளவுதான், ஆங்கிலத்தில், பெரிய பெரிய எழுத்தில். கப்டன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பத்து நாளில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிங்களத்தில், இதை எழுதச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். "நே சேர்" என்று மறுத்தார் அங்கிள். அவர்களும் மனிதர்கள்தான். தேநீரைக் குடித்து முடிக்காமலே போனார்கள். ஆறு மாதம் லைசன்ஸ் நிறுத்தம், திரும்பவும் சோதனை எழுத வேண்டும் என்று கடிதம் வந்தது. அதோடு இதே வகை எஞ்சின் வைத்திருக்கும் எல்லாருக்கும், அந்த இடத்தைக் கழுவிப் பார்க்கச் சொல்லி ஒரு அறிவித்தலும் போனது. எங்கேயாவது இன்னொரு வெடிப்பு அகப்பட்டதா என்று எனக்குத் தெரியாது.

ரயிலில் மூன்றாம் பெட்டியில் ஏறினால் குடை இல்லை. நின்றுகொண்டு போனேன். ஹாங்கரில் ஆயுதம் எண்ணும் சத்தமும் இல்லை. தற்காலிகமாக வந்த எஞ்சினியர் மனதுக்குள் எண்ணுகிறவர்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கொச்சிக்கடைக்குப் போனேன். கோயிலடியில் வழக்கமான சனம், மெழுகுதிரிக்காரர்கள், பஸ்களின் ஹோர்ன். அந்தக் கூட்டத்தில் பிறிஜெற் அன்ரியைத் தேடினேன், காணவில்லை. வீட்டுக்குப் போனால், குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் கோயிலுக்குப் போகாமல் இருப்பது, மழையென்றாலும் ஊரடங்கென்றாலும் நடக்காத காரியம்.

"எண்ணெய்க்கு நிக்கிறேல்ல பிள்ளை இப்ப" என்றார். "நான்தானே கொண்டுவந்து குடுத்தனான். அந்தப் பெட்டை மேனகாவுக்கு ஏதும் ஆகியிருந்தா? நம்பித்தானே கொண்டுவந்தனான். அவர் இப்பிடிச் செய்யலாமா?"

அவர் என்றது அந்தோனியாரை. அலுமாரி மேல் எண்ணெய்ப் போத்தல் பாதி வெறுமையாகத் தூசு படிந்து நின்றது. அங்கிள் மேசையில் பாடப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அடிக்கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயதில், நாலாம் தரம். சட்டத்துக்குள் லைசன்ஸ் கொப்பி அதே இடத்தில்தான் இருந்தது, மின்குமிழும் எரிந்தது. அன்ரி பேசியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவரை ஏசாத பிறிஜெற். தொலைஞ்சதைக் காட்டித் தாறதுதான் அவற்ற வேலை. ரெண்டு மாசத்துக்கு மேலா அதில ஈரத்தை வச்சுக் காட்டிக்கொண்டுதான் நிண்டவர். நான்தான் பாக்கேல்ல."

அன்ரி மீன் கையோடு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செதிளெல்லாம் மூஞ்சியில" என்று சிரிக்கப் பார்த்தார். அடுத்த செவ்வாய் அன்ரி எண்ணெய் வரிசையில் நின்றாராம்.

மார்ச் மாதம் அங்கிள் திரும்பி வந்தார். சோதனையில் முதல் தரமே பாஸ். தொண்ணூற்றொரு புள்ளி என்று ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். குடை என்னுடைய இடத்தில் கிடந்தது.

மைக்குக்குப் புதுக் கிராங்க்கேஸ் வந்திருந்தது. அங்கிள் முன்னால் நின்று பூட்டி, ஆயுதங்களை உரக்க எண்ணி முடித்தார். சரியாக இருந்தது. பிறகு பொக்கெற்றிலிருந்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்தார். ஒருவரும் நேரே பார்க்கவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடியைத் திறந்து, பெருவிரலில் ஒரு துளி எடுத்தார். எஞ்சினுக்குக் கிட்டப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கண்களை மூடி, இரண்டு இமைகளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, பதிவேட்டைக் கொண்டு வா என்று என்னை அதட்டினார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மேனகா தனியாகக் கொக்கலைக்குப் போனாள். திரும்பும்வரை அங்கிள் ஒன்றும் குடிக்கவில்லை. பத்தே முக்காலுக்கு மைக் வந்து இறங்கியது. அவள் குதித்து இறங்கி எங்கள் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், கப்டனைத் தவிர. கப்டன் தானாக வந்து தலையில் கையை வைத்தார். படம் எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள்.

அங்கிள் கேக்குக்கு நிற்கவில்லை. எஞ்சின் ஆறியதும் மூடியைக் கழற்றி, புது வெள்ளைத் துணியை எடுத்து, முதலில் அந்த இடத்தைத்தான் துடைத்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மணந்து பார்."

மணந்து பார்த்தேன். "ஒண்டும் இல்ல அங்கிள்."

"வடிவா, நல்லா மண."

நான் துணியை மூக்கோடு சேர்த்துப் பிடித்து, திரும்பவும் மணந்தேன்.